சுவர் இல்லாத வீடு

அன்புள்ள ஐயா,

பத்தொன்பதாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்ட அந்தமான் பழங்குடிகளின் புகைப்படங்களை அண்மையில் பார்த்தேன். சுவரில்லாத சாய்ப்புக் குடிசைகள், முன்னே அசையாமல் நிற்கும் மனிதர்கள். அத்தனை மழை பெய்யும் தீவில் இப்படித்தான் வாழ்ந்தார்களா? இப்படங்களை எவ்வளவு நம்பலாம்?

ஒரு வாசகர், திருநெல்வேலி

அன்புள்ள நண்பருக்கு,

அந்தச் சாய்ப்புகள் உண்மையானவையே. முன்புறம் இரண்டு உயரமான கால்கள், பின்புறம் இரண்டு குட்டைக் கால்கள், மேலே ஓலை வேய்ந்த சரிவான கூரை. பெரிய அந்தமானில் குடும்பத்துக்கு ஒன்றாக இவற்றைக் கட்டினார்கள். நடுவிலிருந்த ஆடுகளத்தைச் சுற்றி, திறந்த பக்கம் உள்நோக்கியிருக்குமாறு அவை அமைந்தன. ஆடும்போது காலால் மிதித்துத் தாளம் எழுப்புவதற்கான கேடய வடிவ மரப்பலகை அக்களத்தில்தான் கிடக்கும். ஆகவே ஒற்றைச் சாய்ப்பை மட்டும் படமெடுத்தால், ஊரில்லாத வீடு ஒன்று நமக்குக் கிடைக்கிறது. அது வறுமையாகத் தெரிவதில் வியப்பில்லை. சின்ன அந்தமானில் வாழும் ஓங்கே பழங்குடியினரோ பல குடும்பங்கள் சேர்ந்து தங்கும் பெரிய வட்டக் குடிசைகளைக் கட்டி, உள்ளே ஓரமாகப் பரண் அமைத்து உறங்கினார்கள். 'அந்தமானியர்' என்ற ஒரே தலைப்பு இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

மழையைப் பற்றிக் கேட்டீர்கள். புதிதாகத் தீ உண்டாக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை என்றே அக்காலப் பதிவுகள் கூறுகின்றன. கனலும் கட்டையை அணையவிடாமல் காத்து, இடம்பெயரும்போது தோணியிலும் கொண்டுசென்றார்கள். அந்தக் கூரை மனிதரைக் காட்டிலும் நெருப்புக்கே அவசியம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

நம்பகத்தன்மை படத்துக்குப் படம் மாறும். 1879 முதல் பிரிட்டிஷ் அரசின் சார்பில் அந்தமானியருக்குப் பொறுப்பதிகாரியாக இருந்த மாரிஸ் விடால் போர்ட்மேன், 1890களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக எடுத்த படங்களில் இரண்டு வகை உண்டு. கட்டம் போட்ட திரைக்கு முன் மனிதர்களை அளவெடுக்க நிறுத்தியவை ஒரு வகை. அவற்றில் வாழ்க்கை அறவே இல்லை. வில் செய்யும் வேலையைப் படிப்படியாகக் காட்டும் வரிசை இன்னொன்று. அதுவும் கேட்டுக்கொண்டதன் பேரில் செய்து காட்டியதுதான் என்றாலும், செய்த கைகள் பழகிய கைகள். ஆகவே நான் அதை நம்புவேன்.

எடுக்கப்பட்ட காலத்தையும் மறக்கக்கூடாது. பழங்குடிகளைத் தங்கவைக்க பிரிட்டிஷார் 1863இல் ராஸ் தீவில் தொடங்கிய 'அந்தமான் இல்லங்கள்' அம்மக்களை பிரிட்டிஷ் குடியேற்றத்தின் அருகே இழுத்தன. 1877இல் தட்டம்மை பரவியது. 1901 கணக்கெடுப்பில் பெரிய அந்தமானியர் 625 பேரே எஞ்சியிருந்தார்கள். போர்ட்மேனின் கருவிக்கு முன் நின்றது குலைந்துகொண்டிருந்த ஒரு சமூகம்.

மறுபடி அப்படங்களைப் பார்க்கும்போது முகங்களை விட்டுவிட்டுக் கூரைக்கடியில் பாருங்கள். புகையும் கட்டை இருக்கிறதா, கூடை தொங்குகிறதா, தரை மிதிபட்டிருக்கிறதா? தரையில் புல் மடங்காமல் நின்றால், அந்தச் சாய்ப்பு படத்துக்காகவே கட்டப்பட்டிருக்கலாம்.

அன்புடன்.