நிபெலுங்கன் காவியம்: 'அரெபெய்ட்' வேலை அல்ல

இடைக்கால ஜெர்மன் காவியமான நிபெலுங்கன் காவியத்தின் முதல் பாட்டை உங்கள் கட்டுரைக்காகத் தமிழாக்கியிருக்கிறீர்கள். அதில் வரும் 'அரெபெய்ட்' வேலை அல்ல, பாடு, துன்பம். நாயகர்கள் பட்ட 'பெரிய வேலை' என்று நீங்கள் எழுதிய வரி பொருந்தாமல் போனது அதனால்தான். அதே பாட்டில் நீங்கள் 'திருமணங்கள்' என்று போட்ட 'ஹோக்கெட்சீட்' என்பதும் பெருவிழாதான். அது திருமணம் என்று சுருங்கியது பிற்காலத்தில்.

இன்றைய ஜெர்மன் அகராதியில் தேடியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இது சுமார் 1200ஆம் ஆண்டின் மொழி. சங்கப் பாட்டில் 'நாற்றம்' என்றால் நறுமணம் இல்லையா, அதே கதை. தெரிந்த சொல்தான் இங்கே அதிகம் ஏமாற்றும். 'ஃபிரௌவெ' எந்தப் பெண்ணும் அல்ல, உயர்குலப் பெண்மணி. பொதுவாகப் பெண்ணுக்கு 'வீப்'.

ஒன்று செய்து பாருங்கள்: முதல் பத்துப் பாட்டில் 'இது எனக்குத் தெரியுமே' என்று தோன்றும் சொற்களை மட்டும் குறித்து, அந்தக் கால ஜெர்மனுக்கான லெக்ஸர் அகராதியில் பாருங்கள். ட்ரியர் பல்கலைக்கழகத்தின் இணைய அகராதித் தொகுப்பில் இலவசமாகவே இருக்கிறது.

ஆனால் 'அரெபெய்ட்' வரும் எல்லா இடத்திலும் 'துன்பம்' என்று மாற்றிவிடாதீர்கள். உழைப்பு என்ற பொருளும் அந்தக் காலத்திலேயே உண்டு, சூழலைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அப்புறம், இந்த முதல் பாட்டு, காவியத்தின் முக்கியக் கைப்பிரதிகளில் ஒன்றான 'பி' கைப்பிரதியில் கிடையாது. கட்டுரையில் எந்தப் பதிப்பு என்று குறிப்பிடுங்கள்.