ஏரிக்குப் பணம் கேட்கும் முன் ஏரியை அளந்து பாருங்கள்

கேள்வி: ஊர் ஏரியைச் சீரமைக்க 12 பேர் சேர்ந்து குழு அமைத்திருக்கிறோம். சி.எஸ்.ஆர். நிதி (நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம்) கேட்டுப் போன இடத்தில் எல்லாம் 'ரெக்கார்டு', அதாவது முன்பு செய்த பணிக்கான சான்று கேட்கிறார்கள். என்ன செய்வது? (வாசகர், மேலூர்)

பதில்: அந்த நிதி நேரடியாகக் கிடைக்க வேண்டுமென்றால் பதிவு பெற்ற அமைப்பு, வருமான வரிச் சான்றுகள், இந்த நிதியைப் பெறுவதற்கான சி.எஸ்.ஆர்-1 பதிவு எண், மூன்று ஆண்டு களப்பணி எல்லாம் வேண்டும். இப்போதைக்கு இந்தத் தகுதிகள் உள்ள தொண்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு களவேலையை நீங்கள் பாருங்கள். கூடவே சங்கத்தையும் பதிந்துவிடுங்கள். அதற்கு 7 பேர் போதும். அரசின் 'நமக்கு நாமே' திட்டமும் இருக்கிறது. ஊரகப் பகுதியில் மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும்.

ஏரி யார் பொறுப்பில் இருக்கிறது என்பதையும் முதலிலேயே பார்த்துவிடுங்கள். ஆயக்கட்டு, அதாவது ஏரியால் பாசனம் பெறும் நிலம், 40 ஹெக்டேருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழ் என்றால் ஊராட்சி ஒன்றியம். எழுத்துபூர்வ அனுமதி வாங்காமல் ஜேசிபியை இறக்கினால், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் மண் திருட்டு வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள்.

கேள்வி: மதிப்பீடு போட எங்களில் யாருக்கும் தெரியாது. எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்? (வாசகி, மதுராந்தகம்)

பதில்: இரண்டு பேராவது மட்டம் பார்க்கப் பழகுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய்) போதும். தண்ணீர் நிரப்பியதும் குழாயை நீளமாகப் பிடித்துக் காற்றுக்குமிழ் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு குமிழ் தங்கினாலும் மட்டம் தப்பும். மதகின் அடிமட்டத்தை அடையாளமாக வைத்து, ஏரி முழுக்க 30 மீட்டருக்கு ஒரு புள்ளி அளந்து நோட்டில் எழுதுங்கள். அந்த அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் தண்ணீர் மதகு வழியாக வயலுக்கு வராது. கரையின் அடியை ஒட்டியும் தோண்டாதீர்கள், கரை சரியும்.

அடுத்து மண் கணக்கு. ஓர் ஏக்கரில் ஓர் அடி ஆழம் என்றால் 43,560 கன அடி, அதாவது சுமார் 435 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). மூன்று யூனிட் டிப்பருக்கு 145 நடை என்று எழுதிவிடுவார்கள். பல குழுக்கள் தடுக்கி விழுவது இங்கேதான். வெட்டிய மண் உப்பும். நான்கில் ஒரு பங்கு உப்பினாலே 180 நடை தாண்டிவிடும். லாரி வாடகைக்குப் பாதியில் பணம் தீர்ந்து வேலை நின்றுவிடும். குழியை அளந்து பணம் கொடுப்பதா, நடைக்கா என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

வரத்துக் கால்வாயை விட்டுவிட்டு ஏரியை மட்டும் ஆழப்படுத்துவதில் எங்களுக்கு உடன்பாடில்லை. புலப்பட வரைபடத்தை (புல எண் வாரியாக நில எல்லைகளைக் காட்டும் நில அளவை வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு கால்வாயை நடந்தே பாருங்கள். அடைப்பு, ஆக்கிரமிப்பு, உடைந்த சிறுபாலம் எல்லாவற்றையும் புல எண்ணோடு குறித்துக்கொள்ளுங்கள். பணம் தருபவர் முன் வைக்க அந்த நாலு பக்க நோட்டைவிட நல்ல ஆவணம் கிடையாது.

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்புகிறோம் என்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், சிவகங்கை)

பதில்: அவர்கள் எந்த நாட்டுக் குடிமக்கள் என்று கேளுங்கள். இந்தியக் குடிமக்கள் வங்கி வழியாக அனுப்பினால் வாங்கலாம். சிங்கப்பூர்க் குடியுரிமை எடுத்தவர் தருவது வெளிநாட்டு நன்கொடை, எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது, சொந்த அண்ணனே அனுப்பினாலும் சரி.

உள்ளூர் வசூல் சங்கத்தின் வங்கிக் கணக்குக்கே போகட்டும், தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு வேண்டாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தவருக்கு நன்கொடைக்கான வரிச்சலுகை (80ஜி என்று சொல்லப்படுவது) கிடைக்காது. இதை ரசீது போடும்போதே சொல்லிவிடுங்கள்.