தொட்டுக்கொள்ளக் கொழுப்புக் குறைவாக என்ன உண்டு? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: மயோனைஸ் இல்லாமல் என் மகன் கிரில் சிக்கனைத் தொடுவதே இல்லை. அதே சுவையில், கொழுப்புக் குறைவாக எதையாவது வீட்டில் செய்ய இயலுமா? (வாசகி, மதுரை)

பதில்: அதே சுவை வராது, அதற்கு மிக அருகில் வரலாம். மயோனைஸில் நாக்கு தேடுவது வழவழப்பையும் புளிப்பையும் பூண்டு மணத்தையும்தான். டோன்டு பாலில் உறையூற்றிய தயிரை மெல்லிய துணியில் கட்டி, ஃப்ரிட்ஜுக்குள் ஓர் இரவு வடியவிட்டால், அது பாதியாகச் சுருங்கி ரொட்டியில் தடவும் பதத்துக்கு வந்துவிடும். அதில் சுட்டு மசித்த பூண்டு, சிறிது கடுகுத்தூள், மிளகுத்தூள், சில துளி எலுமிச்சைச் சாறு ஆகியவற்றைக் கலந்து, உப்பைப் பரிமாறும் வேளையில் மட்டும் சேர்க்க வேண்டும்; முன்னரே சேர்த்தால் தயிர் நீர்த்துவிடும். ஒரு மேசைக்கரண்டி மயோனைஸில் ஏறத்தாழ 10 கிராம் கொழுப்பு இருக்கிறது. இதில் 1 கிராம் அளவே இருக்கும். ஆனாலும் கரண்டியால் அளந்தே வையுங்கள்.

கேள்வி: தமிழக அரசு தடை விதித்த பிறகு முட்டையில்லா மயோனைஸுக்கு மாறிவிட்டோம். அதில் கொழுப்பும் இல்லை, கொலஸ்ட்ராலும் இல்லை என்பதால் தாராளமாகச் சாப்பிடலாம்தானே? (வாசகர், சென்னை)

பதில்: கடிதம் எழுதும் முன் அந்தப் புட்டியைத் திருப்பி ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்கு விதிக்கப்பட்ட அந்தத் தடை, பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்கு உரியது. சால்மொனெல்லா போன்ற கிருமிகளை எண்ணி விதிக்கப்பட்டதே தவிர, கொழுப்புக்கும் அதற்கும் தொடர்பில்லை. மயோனைஸின் கொழுப்பில் மிகப் பெரும்பங்கு எண்ணெயிலிருந்து வருகிறது. எண்ணெயும் நீரும் பிரியாமல் பிணைத்து வைப்பதுதான் மஞ்சள் கருவின் வேலை. அந்த வேலையைப் பால்புரதத்துக்கோ சோயாவுக்கோ கொடுத்துவிட்டால் முட்டை போய்விடும், எண்ணெய் போகாது.

"கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று கொட்டை எழுத்தில் அச்சிடுவதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் என் ஆத்திரம் அடங்குவதில்லை. கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் எந்தத் தாவர எண்ணெயிலும் இருப்பதில்லை. வாழைப்பழத்தில் எலும்பு இல்லை என்று எழுதி விற்பதைப் போன்ற பெருமை இது. இந்திய உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி, திட உணவு ஒன்றைக் கொழுப்புக் குறைந்தது என்று சொல்ல வேண்டுமானால் 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இருக்கக் கூடாது. உங்கள் புட்டியின் பின்புற அட்டவணையில் 100 கிராமுக்கு எத்தனை கிராம் கொழுப்பு என்று தேடுங்கள். சேர்மானப் பொருள்கள் எடையின் இறங்குவரிசையில்தான் அச்சிடப்படுகின்றன என்பதால், எண்ணெய் எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதும் உண்மையைச் சொல்லிவிடும். "லைட்" வகைகளில் எண்ணெயைக் குறைத்து, நீரையும் மாவுப்பொருளையும் கூட்டியிருப்பார்கள். அவற்றின் அட்டவணையில் சர்க்கரை, உப்பு அளவுகளையும் பாருங்கள். எதுவாயினும், தாராளமாக என்ற சொல்லுக்கு இங்கே இடமில்லை.

கேள்வி: ஷவர்மாவுக்கு மயோனைஸை விட்டு, லெபனான் முறைப் பூண்டு சாஸுக்கு மாறலாமா? (வாசகர், திருச்சி)

பதில்: மாறிப் பயனில்லை, பூண்டையும் எண்ணெயையும் அடித்து நுரைக்க வைப்பதே அந்தத் 'தூம்'.

கேள்வி: தேங்காய்ச் சட்னியில் கொழுப்பு அதிகம் என்று நிலக்கடலைச் சட்னிக்கு மாறியும் எடை குறையவில்லையே? (வாசகி, கோவை)

பதில்: எப்படிக் குறையும்? பச்சைத் தேங்காயில் மூன்றிலொரு பங்கு கொழுப்பு என்றால், நிலக்கடலையில் ஏறத்தாழச் சரிபாதி கொழுப்பு. பொட்டுக்கடலையிலோ 100 கிராமுக்கு 5, 6 கிராம்தான். ஆகவே தேங்காயை வழக்கத்தில் கால் பங்காகக் குறைத்து, மீதிக்குப் பொட்டுக்கடலையும் வதக்கிய பீர்க்கங்காய்த் தோலும் சேர்த்து, இஞ்சியையும் கொத்தமல்லியையும் சற்றுக் கூட்டி அரையுங்கள். பொட்டுக்கடலை மிகுந்தால் சட்னி இறுகி மாவுச்சுவை தட்டும் என்பதால் பீர்க்கங்காய்த் தோலை விட்டுவிடாதீர்கள். தாளிக்கும் எண்ணெய் ஒரு தேக்கரண்டியைத் தாண்டக் கூடாது. அதையும் அளந்து ஊற்றுங்கள்.

கேள்வி: இட்லி மிளகாய்ப்பொடிக்கு நல்லெண்ணெய்க்குப் பதிலாக எதைச் சேர்க்கலாம்? (வாசகர், சேலம்)

பதில்: கெட்டித் தயிர். எண்ணெய் மணம் வேண்டுமென்றால், பொடியை வெந்நீரில் குழைத்து, மேலே அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விடுங்கள். புட்டியைச் சாய்த்து ஊற்றாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி இருக்கிறது.

கேள்வி: ஆவக்காய் ஊறுகாயில் எண்ணெயைப் பாதியாக்கினேன், பூஞ்சை பிடித்துவிட்டது. என்ன செய்வது? (வாசகி, வேலூர்)

பதில்: முதலில் அதை முழுவதுமாகக் கொட்டிவிடுங்கள், மேலாக வழித்து எடுத்துவிட்டுப் பயன்படுத்த வேண்டாம். காய் மூழ்கும்படி மேலே நிற்கும் எண்ணெய், காற்றுப் படாமல் காப்பதற்காகவே இருக்கிறது. எண்ணெயைக் குறைக்க விரும்பினால், நாட்பட வைக்கும் ஊறுகாயை விட்டு, இரண்டு நாட்களில் தீரும் அளவுக்கு மாங்காயைப் பொடியாக நறுக்கி, மிளகாய்த்தூளும் உப்பும் பிசறி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உப்பில் ஊறும் நார்த்தங்காயிலும் மாவடுவிலும் எண்ணெய் மிகக் குறைவு என்பது உண்மைதான். ஆனால் நாள் முழுவதற்கும் 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்கள் தட்டில் இவற்றை வைக்காதீர்கள்.