ஏழை நாடுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை முகாம்கள் நடந்தும் இறப்பு ஏன் குறையவில்லை? எப்படி நடத்தினால் குறையும்?

சோதனை நாளுக்கும் சிகிச்சை நாளுக்கும் நடுவே பெண்கள் கைநழுவிப் போகிறார்கள். பெரும்பாலான திட்டங்கள் தோற்பது அங்கேதான். எந்தச் சோதனை நல்லது என்பதெல்லாம் அதற்கு அடுத்த கேள்வி.

2022-இல் உலகம் முழுக்க இந்த நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 3,50,000 பேர். அதில் 94 சதவீதம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில். இத்தனைக்கும் இந்த நோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸ் தொற்று புற்றாக மாற வழக்கமாக 15-20 ஆண்டு பிடிக்கும்; முன்பே பிடிக்க அவகாசம் உண்டு. எச்.ஐ.வி.க்கு மருந்து எடுக்காத பெண்களுக்கு மட்டும் அது 5-10 ஆண்டாகச் சுருங்கும்.

கருப்பை வாயிலிருந்து செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் சோதனை பணக்கார நாடுகளில் பலித்ததற்குக் காரணம், அதைத் திரும்பத் திரும்ப எடுத்ததுதான். ஒரு தடவை தவறியது அடுத்த தடவை அகப்படும். வாழ்நாளில் ஒன்றிரண்டு முறை மட்டுமே சோதனைக்கு வரக்கூடிய பெண்ணுக்கு இந்தக் கணக்கு உதவாது. ஸ்மியர், கால்போஸ்கோபி (கருப்பை வாயை உருப்பெருக்கியால் பார்ப்பது), பயாப்சி (சதைத் துணுக்குச் சோதனை) முடிவு, சிகிச்சை என்று நாலு தடவை வரச் சொன்னால், ஒவ்வொரு தடவையும் ஒரு நாள் கூலி போகும். பாதியில் நின்றுவிடுவதில் வியப்பில்லை.

அடுத்தது வினிகர் சோதனை. 3-5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் முழுதாகப் பொறுத்து, புற்றுக்கு முந்தைய மாற்றத்தைக் காட்டும் வெண்திட்டு தெரிகிறதா என்று நல்ல வெளிச்சத்தில் பார்ப்பது. அடர் அமிலம் 5 மில்லியுடன் காய்ச்சி வடித்த நீர் 95 மில்லி சேர்த்தால் 5 சதவீதக் கரைசல். அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நீர்க்காமல் தடவினால் புண்ணாகிவிடும். அவசரத்தில் பதினைந்து நொடியில் பார்த்துவிட்டு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதுவது வழக்கமான பிழை. சாதாரண அழற்சியைத் திட்டு என்று எண்ணுவது இன்னொன்று. மாதவிடாய் நின்ற பிறகு, பார்க்க வேண்டிய பகுதி உள்ளே சுருங்கிப் போவதால் இந்தச் சோதனையை நம்ப முடியாது. மொத்தத்தில் இது பார்ப்பவரின் கண்ணைப் பொறுத்தது. திண்டுக்கல் ஆய்வில் (2007) இதே முறை இறப்பை 35 சதவீதம் குறைத்தது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் ஆய்வில் (2009) அப்படிக் குறையவில்லை. அங்கே ஒரே ஒரு முறை செய்த எச்.பி.வி. சோதனைதான் இறப்பை ஏறக்குறையப் பாதியாக்கியது.

அதனால் உலக சுகாதார நிறுவனம் 2021 முதல் வைரஸின் மரபணுவையே தேடும் எச்.பி.வி. டி.என்.ஏ. சோதனையை முன்வைக்கிறது: 30 வயதிலிருந்து 5-10 ஆண்டுக்கு ஒருமுறை, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு 25 வயதிலிருந்து 3-5 ஆண்டுக்கு ஒருமுறை. மாதிரியைப் பெண்ணே குச்சியால் எடுத்துத் தரலாம், பிறப்புறுப்பை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் கருவி தேவையில்லை. கூச்சத்தால் வராதவர்களில் பலர் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

காசநோய்க்காக வாங்கி வைத்த ஜீன்எக்ஸ்பெர்ட் இயந்திரத்திலேயே இதைச் செய்யலாம் என்பது உண்மை. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாலு மாட்யூல் (ஒன்றில் ஒரு நேரத்தில் ஒரு மாதிரி), மாதிரிக்கு ஒரு மணி நேரம், எட்டு மணி வேலையில் 30 பேருக்கு மேல் ஓடாது. 100 பேரை அழைத்து ‘இன்றே முடிவு’ என்றால் பாதிப்பேருக்கு மேல் வெறுங்கையோடு திரும்புவார்கள். மாதிரியை ஊருக்குப் போய் முன்கூட்டியே வாங்கி, பாசிட்டிவ் வந்தவர்களை மட்டும் சிகிச்சை நாளுக்கு அழைப்பது மேல். பாசிட்டிவ் என்றாலே புற்றுநோய் என்று அர்த்தமில்லை, பெரும்பாலான தொற்று இரண்டு ஆண்டுக்குள் தானாகவே மறையும் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் பயத்திலேயே சிலர் வர மாட்டார்கள்.

சிகிச்சை என்றால், முன்பெல்லாம் திட்டை உறைய வைத்து அழிக்கும் முறை: மூன்று நிமிடம் உறைவு, ஐந்து நிமிடம் இளகல், மறுபடி மூன்று நிமிடம். வாயு உருளை கனம், பாதியில் தீர்ந்தும் போகும். இப்போது திட்டைச் சுட்டு அழிக்கும், பேட்டரியில் ஓடும் வெப்பக் கருவி: 100 டிகிரி செல்சியஸ், 20-30 நொடி. பெரும்பாலும் மயக்க மருந்து வேண்டாம். இங்கே தடை வேறு: கருப்பை வாயைத் தொடும் முனை ஒன்றே ஒன்று இருந்தால், அதைக் கிருமி நீக்கி முடிக்கும்வரை அடுத்தவர் காத்திருக்க வேண்டும். கூடுதல் முனைகளையும் சேர்த்து வாங்குங்கள். திட்டு கருப்பை வாயின் உட்குழாய்க்குள் நீண்டாலோ, புற்று என்று சந்தேகம் வந்தாலோ இதைத் தொடவே கூடாது. மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். சிகிச்சைக்குப் பின் சில வாரம் நீர் போல வடியும், நாலு வாரம் உடலுறவு வேண்டாம், ஓராண்டில் மறுபரிசோதனை.

ஏற்கெனவே முற்றிய புற்று இருந்தால் ஐந்து வார வெளிக் கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 40 மில்லிகிராம் சிஸ்பிளாட்டின் என்ற புற்று மருந்து, பிறகு கதிரியக்கப் பொருளை உடலுக்குள் வைத்துத் தரும் உள்கதிர்வீச்சு. எல்லாம் எட்டு வாரத்துக்குள். கட்டி சிறுநீர்க்குழாயை அடைத்துச் சிறுநீரகம் கெட்டிருந்தால் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாது, எனவே சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையை முதலிலேயே செய்ய வேண்டும். உள்கதிர்வீச்சுக்கு இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருளை வாங்கும் நாடுகள் ஒன்றை மறந்துவிடுகின்றன: அதன் அரை ஆயுள் (வீரியம் பாதியாகும் காலம்) 74 நாள். மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை புதிது வர வேண்டும். சுங்கத்தில் பெட்டி தேங்கினால் பழையதன் வீரியம் குறைந்து, ஒவ்வொரு நோயாளிக்கும் சிகிச்சை நேரம் நீண்டுகொண்டே போய், கடைசியில் இயந்திரம் சும்மா நிற்கும். இறக்குமதி தடுமாறும் இடங்களில் கோபால்ட்-60 உகந்தது. அரை ஆயுள் ஐந்து ஆண்டுக்கு மேல்.