நாஸ் பெட்டியில் புதிதாகப் போட்ட டிஸ்க் ரீபில்ட் பாதியில் காணாமல் போகிறது: டிஸ்க் பழுதா, பெட்டி பழுதா?

நீங்கள் கேட்டது இது: தலவாக்கலையில் வீட்டில் குடும்பப் படங்களை வைக்க இரண்டு டிஸ்க் போடும் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் எல்லாரும் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி), ரெய்டு 1, அதாவது இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதி, இரண்டும் 4 டெராபைட். ஒன்று செத்துப்போனதால் கொழும்பிலிருந்து புது டிஸ்க் எடுத்துப் போட்டிருக்கிறீர்கள். பழைய டிஸ்க்கில் உள்ளதைப் புதியதில் எழுதும் ரீபில்ட் தொடங்குகிறது, பாதியில் புது டிஸ்க் காணாமல் போகிறது, பெட்டியை அணைத்துப் போட்டால் திரும்ப வருகிறது. கடைக்குத் திருப்பி அனுப்பலாமா?

இப்போதைக்கு அனுப்ப வேண்டாம், புது டிஸ்க்கில் கோளாறே இல்லாமல் இருக்கலாம். ஆனால் அதைப் பார்ப்பதற்கு முன்னால் வேறொரு வேலை இருக்கிறது. எல்லாரும் புது டிஸ்க்கையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், ஆபத்தில் இருப்பது மிச்சமிருக்கிற பழைய டிஸ்க். உங்கள் படங்களெல்லாம் இப்போது அது ஒன்றில்தான் இருக்கின்றன, ரீபில்ட் தொடங்கும் ஒவ்வொரு தடவையும் பெட்டி அதை முதலிலிருந்து வாசிக்கிறது, அதுவும் செத்துப்போன டிஸ்க்கோடு ஒன்றாக வாங்கியதாக இருந்தால் வயதும் ஒன்றுதான். அதனால் ரீபில்ட்டை நிறுத்திவிட்டு, ஒரு யூஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கை இரவல் வாங்கியாவது எல்லாவற்றையும் பிரதி எடுங்கள். நம் தோட்டத்துக் குடும்பங்களில் பழைய படம் என்று இருப்பதே கொஞ்சம். அப்பா அம்மாவின் கல்யாணப் படத்தை ஸ்கேன் பண்ணி வைத்திருந்து அதையும் இழந்த வீட்டுக்கு நான் போயிருக்கிறேன், அங்கே என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

சரி, பிரதி எடுத்தாயிற்று. இனி கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான்: கோளாறு டிஸ்க்கோடு போகிறதா, பெட்டியோடு நிற்கிறதா? புது டிஸ்க்கைக் கழற்றி ஒரு மேசைக் கணினியில் சாட்டா கேபிளில் மாட்டி, ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்து வைக்கும் பட்டியலைப் படியுங்கள். 5, 197, 198 என்ற எண்களுக்கு எதிரே ரா (Raw) என்ற நிரலில் உள்ள பெறுமதி பூச்சியமாக இல்லாவிட்டால் டிஸ்க்கின் தட்டிலேயே பிரச்சினை, புது டிஸ்க் என்றால் அதை ஏற்கவே கூடாது. 199 என்பது சிஆர்சி பிழை, அதாவது தரவு போய் வரும்போது சிதைந்த தடவைகளின் எண்ணிக்கை, அது டிஸ்க்குக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள பாதையில் வரும் கோளாறு. அந்த எண் ஒருமுறை ஏறினால் இறங்காது, ஆகவே பெட்டியில் போடும்போது மட்டும் கூடுகிறதா என்று குறித்துப் பாருங்கள். கூடினால் இணைப்புப் பற்கள் அழுக்காகவோ தளர்ந்தோ இருக்கும். நம் பக்கத்து மூட்டமும் ஈரமும் இந்தப் பற்களுக்கு நல்லதல்ல. 9 என்பது டிஸ்க் ஓடிய மணி நேரம், புதுசு என்று விற்றதில் அது ஆயிரக்கணக்கில் இருந்தால் கடைக்காரரோடு பேச வேண்டியது வேறு விஷயம். பிறகு ஸ்மார்ட்டிலேயே உள்ள, டிஸ்க் முழுவதையும் வாசித்துப் பார்க்கும் நீண்ட சோதனையை ஓடவிடுங்கள், 4 டெராபைட்டுக்கு ஏழெட்டு மணி நேரமாவது எடுக்கும்.

சோதனையில் டிஸ்க் தேறிவிட்டால் நான் முதலில் சந்தேகப்படுவது பவர் அடாப்டரை. ஹட்டன், கொட்டகலைப் பக்கம் நான் பார்த்துக்கொடுக்கும் பெட்டிகளில் இந்தக் கோளாறு திரும்பத் திரும்ப வந்திருக்கிறது, கடையிலும் யாரும் இதைச் சொல்வதில்லை. இரண்டு டிஸ்க் பெட்டிகளோடு பெரும்பாலும் வருவது 12 வோல்ட், 60 வாட் அளவிலான அடாப்டர். ஒரு 3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும் நேரத்தில் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 2 ஆம்பியர் வரை இழுக்கும். சித்திரை இடி, ஐப்பசி இடி, நிமிடத்துக்கு நிமிடம் போய் வருகிற கரண்ட் என்று சில வருடம் அடிபட்ட அடாப்டருக்கு ஒரு டிஸ்க்கைத் தாங்கும் தெம்பு இருக்கும், இரண்டும் சேர்ந்து உழைக்கும்போது வோல்ட் இறங்கும், டிஸ்க் காணாமல் போகும். சும்மா மீட்டர் வைத்துப் பார்த்தால் 12 என்றுதான் காட்டும், சுமை ஏறும்போதுதான் குட்டு வெளிப்படும். அதே வோல்ட், அதே அளவு அல்லது கூடிய ஆம்பியர், அதே முனை உள்ள நல்ல அடாப்டர் ஒன்றை யாரிடமாவது வாங்கி மாட்டிப் பாருங்கள். நீங்கள் சொல்கிற அறிகுறிக்கு இது அச்சாகப் பொருந்துகிறது.

அடாப்டரும் சரியென்றால் புது டிஸ்க்கின் மாடல் எண்ணைப் பாருங்கள், எஸ்எம்ஆர் வகையா? லயன் கூரையில் தகரத்தை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி அடிப்பதுபோல அதில் தடங்கள் ஒன்றின் ஓரத்தை ஒன்று மூடியிருக்கும், ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தடுத்த தடங்களையும் எழுத வேண்டும். ரெய்டு 1 ரீபில்ட் ஒரே சீராக எழுதுவதால் சிலவேளை தப்பிவிடும், ஆனால் அந்த நேரம் பார்த்து வீட்டார் போன்களெல்லாம் பேக்கப் அனுப்பினால் டிஸ்க் பதில் சொல்லாமல் நின்றுவிடும், பெட்டி அதைச் செத்துவிட்டதென்று தள்ளிவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் 2 முதல் 6 டெராபைட் வரையான சில டிஸ்க்குகள் எஸ்எம்ஆர்தான் என்று ஒத்துக்கொண்டது. இன்று ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப் இரண்டும் சிஎம்ஆர், அதாவது தடங்கள் ஒன்றையொன்று மூடாத வகை, தைரியமாக வாங்கலாம். விலை குறைவு என்று பலர் எடுக்கும் சீகேட்டின் 4 டெராபைட் பாராகூடா எஸ்எம்ஆர், நாஸுக்கு வேண்டாம்.

உங்களுக்கு ரீபில்ட் தொடங்குகிறது, ஆகவே கொள்ளளவு பிரச்சினை இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: புது டிஸ்க் பழையதை விடச் சிறியதாக இருக்கக் கூடாது, 4 டெராபைட் 3.6 என்று காட்டுவது வழமையான கணக்குத்தான். சைனோலஜி நிறுவனத்தின் நாஸ் பெட்டிகளில் பொதுவாக நாமே ஸ்டோரேஜ் மேனேஜரில் ரிப்பேர் கொடுக்க வேண்டும். புது பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த சேமிப்பிடம்) உருவாக்கவா என்று கேட்டால் கை வைக்காதீர்கள். பழுதான டிஸ்க்கைக் கழற்றும் முன் அது எதுவென்று சீரியல் எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ரீபில்ட்டை மறுபடி தொடங்கும்போது இரவு ஒன்பது பத்து மணிக்குத் தொடங்குங்கள். விநாடிக்கு 150 மெகாபைட் வேகம் என்றாலும் 4 டெராபைட்டுக்கு ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும், நடைமுறையில் இன்னும் இழுக்கும். பருவ மாற்ற மாதங்களில் நமக்கு இடி பின்னேரம்தான் வருவது, அதற்குள் முடிந்துவிடும். கரண்ட் போனால் கொஞ்ச நேரம் பேட்டரியில் தாங்கும் யூபிஎஸ் ஒன்று கட்டாயம், டிஸ்க்கை விட அதற்கு முதலில் காசு ஒதுக்கியிருக்கலாம் என்றே சொல்வேன்.

எல்லாம் பார்த்த பிறகும் கணினியில் நீண்ட சோதனை தோற்றால், சீரியல் எண் தெரிகிற மாதிரி திரையைப் படமெடுத்து அனுப்பினால் கடைக்காரர் வாரண்டியில் மறுபேச்சு பேச மாட்டார். ஆனால் பாதி ரீபில்ட்டில் உங்கள் படங்களில் ஒரு பங்கு அந்த டிஸ்க்குக்குள் ஏறியிருக்கும், அதை முழுக்க அழித்துவிட்டு பார்சல் கட்டுங்கள்.