கணக்கு டியூஷன்: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு டியூஷன் டீச்சரின் பதில்கள்

மதுரையில் 18 வருடமாக வீட்டில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். 6 முதல் 10ஆம் வகுப்பு வரை, தமிழ்நாடு பாடத்திட்டம். கேளுங்கள் என்றதும் வந்த கேள்விகளில் சில இங்கே.

டீச்சர், பையன் எட்டாவது. ஒரு வருடமாக டியூஷன் போகிறான். நோட்டு நிறைய கணக்கு இருக்கிறது, மார்க் 30ஐத் தாண்டவில்லை. ஏன்?

அந்த நோட்டைப் புரட்டிப் பாருங்கள். எங்குமே அடித்தல் திருத்தல் இல்லாமல் சுத்தமாக இருந்தால், அது போர்டைப் பார்த்து எழுதிய நோட்டு. தானாகப் போட்டுப் பார்க்கிற பிள்ளையின் நோட்டு அப்படி இருக்காது.

என்னிடம் இதே போல ஒரு எட்டாவது பையன் வந்தான். 1/2 + 1/3 போடச் சொன்னேன். 2/5 என்று எழுதினான். மேலே இருப்பதை மேலேயும், கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டான். தப்பு என்று நான் சொல்லவில்லை. 12 செ.மீ நீளத்துக்கு ஒரு தாளை வெட்டிக் கொடுத்து, "இதில் பாதி எவ்வளவு, மூன்றில் ஒரு பங்கு எவ்வளவு, ஸ்கேல் வைத்துக் குறி" என்றேன். 6 செ.மீ, அடுத்து 4 செ.மீ குறித்தான். மொத்தம் 10. "12இல் 10... அப்போ 5/6" என்று அவனே சுருக்கினான். 2/5 பாதியைக்கூட எட்டாதே, பாதியோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று கேட்டதும் சிரித்துவிட்டான்.

அவனுக்கு எட்டாம் வகுப்புப் பாடத்தை மூன்று வாரம் நான் தொடவே இல்லை. பின்னமும் வகுத்தலும்தான். பெற்றோருக்குப் பதற்றம், அது நியாயம்தான். ஆனால் பின்னம் தெரியாத பிள்ளைக்கு இயற்கணிதம் நடத்துவது விழலுக்கு இறைத்த நீர். உங்கள் டியூஷன் டீச்சரிடம் ஒன்று மட்டும் கேளுங்கள்: இவன் எந்த வகுப்புப் பாடத்தில் கோட்டை விட்டான்? பதில் வரவில்லை என்றால் டியூஷனை மாற்றுங்கள்.

ஏழாவது படிக்கும் மகள் −3 − 5 என்றால் 8 என்கிறாள். எத்தனை முறை சொன்னாலும் மறுபடி அதே.

"மைனஸும் மைனஸும் ப்ளஸ்" என்று மனப்பாடம் செய்திருப்பாள். அது பெருக்கலுக்கும் வகுத்தலுக்கும் உள்ள விதி. கடனாகச் சொல்லுங்கள். 3 ரூபாய் கடன் இருக்கிறது, மேலே 5 ரூபாய் கடன் வாங்கினால்? 8 ரூபாய் கடன், அதாவது −8. ஒரு வாரம் கடன் கணக்காகவே போடட்டும்.

பத்தாவது பொதுத்தேர்வுக்கு நாலு மாதம். பாஸ் ஆனால் போதும், முடியுமா?

முடியும். 100 மார்க்கில் 35 வேண்டும். ஒரு மார்க் கேள்விகள் 14, கடைசியில் செய்முறை வடிவியலும் வரைபடமும் தலா 8. இதுவே 30 ஆகிவிட்டது. அப்புறம் கார்ட்டீசியன் பெருக்கல், அணிகள் மாதிரி படிகள் நேராகப் போகும் பகுதிகள். தினம் ஒரு படம் காம்பஸ் பிடித்து வரையட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

வகுப்பு ஆசிரியரே தன்னிடம் டியூஷன் சேரச் சொல்கிறார். மறுத்தால் பிள்ளைக்குச் சிக்கல் வருமோ?

பள்ளி ஆசிரியர் தனி டியூஷன் எடுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு சொல்கிறது. பயப்படாமல் தலைமை ஆசிரியரிடம் பேசுங்கள்.

மகளுக்கு டியூஷன் பீஸ் கட்ட வசதி இல்லை அக்கா. நானும் எட்டாவதுதான் படித்தேன். என்ன செய்வது?

2021இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், எட்டாவது வரை உள்ள பிள்ளைகளுக்குத் தன்னார்வலர்கள் மாலையில் சொல்லிக்கொடுத்தார்கள். உங்கள் பகுதியில் இப்போது மையம் இருக்கிறதா என்று பள்ளியில் விசாரியுங்கள்.

ஆனால் எட்டாவதுதான் படித்தேன் என்று ஒதுங்காதீர்கள் தங்கச்சி. காய்கறிக் கடைக்குக் கூட்டிப் போங்கள். தக்காளி கிலோ 48 ரூபாய் என்றால் முக்கால் கிலோ எவ்வளவு? 36 என்று நீங்கள் மனசிலேயே போட்டுவிடுவீர்கள். அரைக்கு 24, காலுக்கு 12 என்று பிரித்துத்தானே போட்டீர்கள்? அதை அவளுக்குச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதே கணக்கை 48 × 3/4 என்று நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கடையில் போட்டதும் நோட்டில் இருப்பதும் ஒன்றுதான் என்று அவள் கண்டுபிடிக்கும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள்.