பகலின் இருட்டு

அன்புள்ள ஆசிரியருக்கு,

தூக்கம் குறித்த தங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் வீட்டிலிருந்தே கணினியில் பணியாற்றுபவன். ஓராண்டாக இரவு இரண்டு மணிக்கு முன் உறக்கம் வருவதில்லை. காலை ஒன்பதரைக்கு எழுந்தாலும் தலை பாரமாகவே இருக்கிறது. கைபேசியின் நீல ஒளிதான் காரணம் என்றார்கள். திரையை மஞ்சளாக்கினேன், நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியும் வாங்கினேன். மாற்றம் ஏதுமில்லை. ஏழு மணிநேரம் தூங்கிவிடும்போது, அது எந்த ஏழு மணிநேரம் என்பது உடலுக்கு ஒரு பொருட்டா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதம் இரவைப் பற்றி மட்டுமே பேசுகிறது. எழுந்தபின் எப்போது வெளியே செல்கிறீர்கள் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. பல நாட்கள் நீங்கள் வாசலைத் தாண்டுவதே இல்லை என்று ஊகிக்கிறேன். கைபேசியைவிட அதுவே முதன்மையான காரணமாக இருக்கலாம்.

1729இல் த மேரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்துப் பார்த்தார். வெயிலே படாதபோதும் அதன் இலைகள் பகல் வேளையில் விரிந்தன, இரவில் கூம்பின. மனிதருக்குள்ளும் அப்படியொரு கடிகாரம் உண்டு. 1962இல் மிஷெல் சிஃப்ரே என்ற பிரெஞ்சுக் குகை ஆய்வாளர் ஆல்ப்ஸ் மலைக் குகையொன்றில் கடிகாரமின்றி இரண்டு மாதங்கள் தனித்திருந்தார். வெளியே வந்தபோது அவருடைய நாட்கணக்கு 25 நாட்கள் பின்தங்கியிருந்தது. ஆனால் அவர் உறங்கி விழித்த சுழற்சியோ 24 மணிநேரத்தைச் சற்றே தாண்டியிருந்தது, அவ்வளவுதான். மனம் தவறவிட்ட கணக்கை உடல் ஏறத்தாழச் சரியாகவே வைத்திருந்தது.

அந்த ‘ஏறத்தாழ’வில்தான் உங்கள் சிக்கல் இருக்கிறது. மனித உடற்கடிகாரத்தின் சுற்று சராசரியாக 24 மணிநேரமும் பத்துப் பன்னிரண்டு நிமிடங்களும் ஆகும். ஒவ்வொரு நாளும் யாராவது அதைத் திருத்தி வைக்காவிட்டால் அது மெல்லப் பின்னோக்கி நழுவும், அதாவது உறக்க நேரம் நாளுக்கு நாள் பிந்திக்கொண்டே போகும். திருத்துவது காலை வெளிச்சம். விழித்திரையில் மெலனாப்சின் என்ற நிறமியைக் கொண்ட சில செல்கள் உள்ளன. உருவங்களைக் காண்பதைவிட, வெளிச்சம் எவ்வளவு என்று அளந்து மூளையின் ஹைப்போதலாமஸ் என்ற பகுதியில் உள்ள கடிகாரத்துக்குச் சொல்வதே அவற்றின் முதன்மைப் பணி. 480 நானோமீட்டரை ஒட்டிய நீல ஒளிக்கே அவை மிகுதியாக அசைகின்றன என்பதால்தான் நீலத்துக்கு இவ்வளவு கெட்ட பெயர். ஆனால் காலையில் நமக்குத் தேவைப்படுவதும் அதே நீலம்தான்.

நம் கண் இவ்விஷயத்தில் நம்மை நன்றாகவே ஏமாற்றுகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். விளக்கெரியும் அறையில் பெரும்பாலும் 100 முதல் 300 லக்ஸ் வெளிச்சமே இருக்கும். மேகம் மூடிய வானத்தின் கீழ்கூட அது 10,000 லக்ஸை எட்டலாம், நேர் வெயிலில் ஒரு லட்சம். கண்ணின் பாவை விரிந்து சுருங்குவதாலும் விழித்திரை பழகிக்கொள்வதாலும் இந்த நூறு மடங்கு வேறுபாடு நமக்கு உறைப்பதில்லை. கைபேசித் திரை கண்ணில் சேர்ப்பது சில பத்து லக்ஸ்தான். நாள் முழுதும் அரையிருட்டில் இருந்தவரின் கடிகாரத்துக்கு அந்தச் சிறு ஒளியும், அதைவிடக் கூடுதலாகக் கூரை விளக்கும், பெரிதாகத் தெரிகின்றன. பகலில் நல்ல வெளிச்சம் பெற்றவரின் உடல் இரவு ஒளிக்கு அவ்வளவு எளிதில் அசைவதில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

எந்த ஏழு மணிநேரம் என்பது பொருட்டுதான். உடல்வெப்பம், இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோன், இன்சுலினின் செயல்திறன் எல்லாமே நேரத்தை ஒட்டி ஏறி இறங்குகின்றன; ஒரே உணவு காலையில் ஏற்றுவதைவிட இரவில் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, இரவுப்பணியைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் பட்டியலில் 2007இல் சேர்த்து, 2019இல் மீண்டும் உறுதிசெய்தது. இதைக் கண்டு நீங்கள் அஞ்சத் தேவையில்லை. அது கடிகாரத்தோடு மல்லுக்கட்டும் பணிமுறைகளைப் பற்றியது. நாள்தோறும் ஒரே நேரத்தில் பிந்தித் தூங்குவது தன்னளவில் நோயல்ல.

ஆனால் ஓர் எச்சரிக்கை. இதை வாசித்துவிட்டு நாளைக் காலை ஐந்து மணிக்கே எழுந்து, ஒளி மிகுந்த விளக்கின் முன் போய் அமர்ந்துவிடாதீர்கள். வழக்கமாக விழிப்பதற்கு இரண்டு மூன்று மணிநேரம் முன்பு உடல்வெப்பம் மிகத் தாழ்ந்திருக்கும். அதற்குப் பின் வரும் வெளிச்சம் கடிகாரத்தை முன்னே நகர்த்தும், உறக்கம் முன்னதாக வரும். அதற்கு முன் வருவது பின்னே தள்ளும், உறக்கம் இன்னும் பிந்தும். உங்களுக்கு அந்த எல்லை ஏறக்குறைய ஏழு மணி. ஆகவே முதலில் ஒன்பதேகாலுக்கு எழுந்து உடனே அரைமணிநேரம் வெளியே நடங்கள், சில நாட்களுக்கு ஒருமுறை கால்மணிநேரம் முன்னகருங்கள். இரவில் கூரை விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு சிறு விளக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பலத்த குறட்டையும் இருக்குமானால், இவை எதற்கும் முன் மருத்துவரைப் பாருங்கள். உறக்கத்தில் மூச்சுத் தடைப்படுவதாலும் இந்தத் தலைபாரம் வரும்.

அந்தக் கண்ணாடியை வீசிவிட வேண்டியதில்லை. காலையில் மட்டும் அணியாதீர்கள்.